கிரேக்கத் துன்பியல் நாடகங்களில் பெண்கள்: பேச விடுகிறார்கள், பதில் சொல்கிறார்களா?

நெய்தல்நிலா (இழையைத் தொடங்கியவர்)

கிரேக்க நாடகம் படித்தவர்கள் இங்கே சிலராவது இருக்கிறீர்கள், அதனால் நேராகவே கேட்டுவிடுகிறேன். கி.மு. ஐந்தாம் நூற்றாண்டு ஏதென்ஸில் ஒரு குடிமகனின் மனைவிக்கு மக்கள் மன்றத்தில் இடமில்லை, வாக்கில்லை, வழக்கு என்று வந்தால் அப்பாவோ கணவரோ அண்ணனோதான் அவளுக்காகப் பேச வேண்டும். போரில் இறந்தவர்களுக்கான இரங்கல் உரையில் ஏதென்ஸின் தலைவர் பெரிக்ளீஸ் விதவைகளைப் பார்த்து, நல்லதற்கோ கெட்டதற்கோ உங்கள் பெயர் ஆண்களின் பேச்சில் அடிபடாமல் இருப்பதுதான் உங்களுக்குப் பெருமை என்று சொன்னதாக வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் எழுதியிருக்கிறார். அதே ஊரில், அதே தலைமுறையில், நாடகப் போட்டி நடக்கும் டையோனிசஸ் விழா வந்துவிட்டால் மேடை முழுக்கப் பெண்கள். முழுதாகக் கிடைத்திருக்கும் 30க்கும் மேற்பட்ட துன்பியல் நாடகங்களில் பெண் பாத்திரமே இல்லாதது ஒன்றே ஒன்றுதான், சோபோகிளீஸின் 'ஃபிலொக்டெட்டீஸ்'.

இதைக் காட்டி, அந்தக் காலத்திலேயே எவ்வளவு முற்போக்கு என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. எழுதியவர் ஆண். முகமூடிக்குப் பின்னால் நடித்தவர் ஆண். கோரஸ் என்ற பாட்டுக்குழுவில் பெண்களாக ஆடிப் பாடியவர்களும் ஆண்கள், பரிசு யாருக்கு என்று தீர்மானித்த நடுவர்களும் ஆண்கள். பெண்கள் பார்வையாளர்களாகவாவது உட்கார்ந்திருந்தார்களா என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் தகராறு தீரவில்லை. ஏதென்ஸ் ஆண்களின் பயம்தான் பெண் முகமூடி போட்டுக்கொண்டு அங்கே நடமாடுகிறது என்பது என் கருத்து. வீட்டுக்குள் வைத்திருப்பவள் வெளியே வந்தால் என்ன செய்வாள்? கணவனைக் குளிக்கும் இடத்தில் வெட்டுவாள் (கிளைட்டம்னெஸ்ட்ரா), பெற்ற பிள்ளைகளைக் கொல்வாள் (மெடியா), பொய்ப்பழி எழுதிவைத்துவிட்டுத் தூக்கில் தொங்குவாள் (ஃபீட்ரா). மறுப்பவர்கள் நாடகத்துக்குள்ளிருந்தே காட்டுங்கள்.

திரைச்சீலை

நடிப்புப் பக்கத்திலிருந்து மட்டும் ஒன்று சொல்கிறேன். ஆண் நடித்தால் அது பெண்ணின் குரல் இல்லை என்று அவ்வளவு சுருக்கமாக முடித்துவிட முடியாது. பேசும் நடிகர்கள் மூன்றே பேர், அவர்களேதான் முகமூடி மாற்றி மாற்றி எல்லா வேடமும் கட்ட வேண்டும். சோபோகிளீஸின் 'டிராக்கிஸ் பெண்கள்' நாடகத்தில் டையனீராவும் ஹெராக்ளிஸும் மேடையில் சந்திப்பதே இல்லை, அவள் செத்த பிறகுதான் அவன் வருகிறான். அறியாமல் கணவனுக்கு நஞ்சு கொடுத்தவளும், அந்த நஞ்சில் துடிக்கிறவனும் ஒரே நடிகரின் உடம்பில் வந்திருக்க முடியும். அந்த நடிகருக்கு அது வெறும் பயம் காட்டும் வேலையாகவா இருந்திருக்கும்?

போலஸ் என்ற நடிகரைப் பற்றி ரோமானிய எழுத்தாளர் ஔலஸ் கெல்லியஸ் ஒரு செய்தி சொல்கிறார். சோபோகிளீஸின் 'எலெக்ட்ரா'வில் தம்பியின் சாம்பல் என்று நம்பி ஒரு கலசத்தைக் கட்டிக்கொண்டு அவள் அழும் காட்சி இருக்கிறது. போலஸ் அதற்கு, இறந்துபோன தன் சொந்த மகனின் எலும்புகள் இருந்த கலசத்தைக் கல்லறையிலிருந்து எடுத்து வந்து வைத்துக்கொண்டு நடித்தாராம். அதேபோல தியோடோரஸ், அரிஸ்டொடீமஸ் என்ற பெரிய நடிகர்கள் ஆன்டிகனி வேடம் கட்டினார்கள், அதே நாடகத்தில் அரசர் கிரியோனின் வேடம் மூன்றாம் நடிகருக்குப் போனது என்று ஏதென்ஸ் பேச்சாளர் டெமொஸ்தனீஸ் ஒரு வழக்கு உரையில் சொல்கிறார். பெண் வேடம்தான் முதல் நடிகருக்கு. நம் ஊரிலும் ஸ்திரீபார்ட் கட்டியவர்கள் வரலாறு தெரியுமே, டி.கே. சண்முகம் ஔவையார் வேடம் கட்டித்தான் அவ்வை சண்முகம் ஆனார். அந்த வேடத்தை யாரும் கேலியாகக் கட்டவில்லை.

வைகைக்கரையான்

மெடியாவைப் பட்டியலில் ஒற்றை வரியில் சேர்த்துவிட்டீர்களே நெய்தல்நிலா, அதுதான் எனக்கு உறுத்துகிறது. யூரிப்பிடீஸின் நாடகம், கி.மு. 431இல் மேடையேறியது, அந்த ஆண்டு போட்டியில் மூன்றாம் இடம். அதாவது கடைசி இடம். கொலைக்கு வெகு முன்பே, கொரிந்துப் பெண்களிடம் அவள் பேசும் அந்த நீண்ட பேச்சைக் கொஞ்சம் நிறுத்திப் படியுங்கள். உயிரும் அறிவும் உள்ள எல்லாவற்றிலும் மிகப் பாவப்பட்ட பிறவி பெண்கள்தான் என்று தொடங்குகிறாள். முதலில் ஏகப்பட்ட பணம் கொடுத்துக் கணவனை வாங்க வேண்டும், அப்படி வாங்கியவனே நம் உடம்புக்கு எஜமானன் ஆகிவிடுகிறான். வந்தவன் நல்லவனா கெட்டவனா என்பது நம் கையில் இல்லை, விலகி வந்தால் பெண்ணுக்குத்தான் அவப்பெயர். புது வீடு, புது வழக்கம், அவனை எப்படிச் சமாளிப்பது என்று பிறந்த வீட்டில் யாரும் கற்றுக் கொடுப்பதில்லை. அவனுக்கு வீட்டில் சலித்தால் வெளியே போய் நண்பர்களோடு இருக்கலாம், நாம் ஒரே முகத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டும். நாங்கள் போருக்குப் போகிறோம், நீங்கள் பத்திரமாக வீட்டில் இருக்கிறீர்கள் என்கிறார்கள். ஒரு பிள்ளை பெறுவதற்கு மூன்று முறை கேடயத்தோடு போர்முனையில் நிற்கலாம் என்கிறாள்.

இது வரதட்சணையைப் பற்றிய பேச்சு, மணவிலக்கைப் பற்றிய பேச்சு, பிரசவத்தைப் பற்றிய பேச்சு. ஏதென்ஸின் ஒவ்வொரு வீட்டுக்கும் இது தெரிந்த சங்கதி. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் வாக்குரிமை கேட்டுப் போராடிய பெண்கள் தங்கள் கூட்டங்களில் இதை எடுத்து வாசித்திருக்கிறார்கள். 2300 ஆண்டு கழித்து ஒரு போராட்டத்துக்கு உதவுகிற பேச்சை வெறும் பயத்தால் எழுத முடியுமா?

இன்னொன்று. கி.மு. 451இல் பெரிக்ளீஸ் கொண்டுவந்த குடியுரிமைச் சட்டப்படி தாயும் தகப்பனும் இருவருமே ஏதென்ஸ்காரர்களாக இருந்தால்தான் பிள்ளை குடிமகன். வெளியூர்க்காரியோடு வாழ்ந்து பிள்ளையும் பெற்ற ஒருவன் அவளை விட்டுவிட்டு உள்ளூர்ப் பெரிய இடத்தில் பெண் எடுக்கிறான் என்றால், பார்த்துக்கொண்டிருந்த பலருக்கு அது அடுத்த தெருவில் நடக்கும் கதை. அவர்களை வைத்துக்கொண்டு, மெடியாவை விட்டுவிட்டு வேறு பெண் எடுக்கும் ஜேசனை எவ்வளவு அற்பமாகக் காட்டுகிறார் யூரிப்பிடீஸ்! உன் நன்மைக்குத்தான் இந்தக் கல்யாணம், கிரேக்க நாட்டில் வாழக் கிடைத்ததே உனக்குப் பெரிய பாக்கியம் என்று கணக்குச் சொல்கிறான் அந்த மனிதன்.

நெய்தல்நிலா

வைகைக்கரையான், அந்தப் பேச்சின் பலத்தை நான் மறுக்கவே இல்லை. அதற்குப் பிறகு என்ன நடக்கிறது என்று பாருங்கள் என்கிறேன். ஜேசன் அந்தக் குற்றச்சாட்டுகளில் ஒன்றுக்காவது பதில் சொல்கிறானா? பெண்களே இல்லாமல் வேறு எங்கிருந்தாவது பிள்ளை பெற முடிந்தால் உலகத்தில் துன்பமே இருக்காது என்கிறான். 'ஹிப்போலிட்டஸ்' நாடகத்தில் ஹிப்போலிட்டஸும் கிட்டத்தட்ட அதையே சொல்கிறான், கோயிலில் பொன்னோ இரும்போ வெண்கலமோ கொடுத்துப் பிள்ளை விதையை வாங்கிக்கொள்ளும்படி சீயஸ் வைத்திருக்கலாம் என்கிறான். இதுதான் பதில்! அப்புறம் மெடியா பிள்ளைகளைக் கொல்கிறாள், அதற்குப் பிறகு அவள் கேட்ட கேள்விகளைப் பற்றி யார் பேசுவார்கள்? பிள்ளைகளைக் கொன்றவர்கள் கொரிந்துக்காரர்கள் என்று வேறொரு பழைய வழக்கும் இருந்தது. அதை விட்டுவிட்டுக் கத்தியைத் தாயின் கையில் கொடுத்தது யூரிப்பிடீஸின் தேர்வு.

சட்டப்புள்ளி

பதில் கிடைப்பதில்லை என்று நெய்தல்நிலா சொன்னதைப் பிடித்துக்கொண்டு 'ஒரெஸ்டியா'வுக்கு வருகிறேன். ஈஸ்கிலஸின் முத்தொடர், கி.மு. 458. நான் தொழிலால் வழக்கறிஞன், அதனால் மூன்றாம் நாடகத்தில் வரும் விசாரணையைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும்.

கதை தெரியாதவர்களுக்கு: டிராய் போருக்குக் கப்பல் போகக் காற்று வேண்டும் என்று அகமெம்னன் தன் மகள் இபிஜீனியாவைப் பலி கொடுக்கிறான். பத்து ஆண்டு கழித்து வென்று திரும்புகிறவனைத் தாய் கிளைட்டம்னெஸ்ட்ரா கொல்கிறாள். அவளை மகன் ஒரெஸ்டெஸ் கொல்கிறான். தாயைக் கொன்றவனைத் துரத்துகிற எரின்யெஸ் தேவதைகள் அவனை ஏதென்ஸுக்கு விரட்டிக்கொண்டு வர, அதீனா தேவி அங்கே ஒரு நீதிமன்றம் அமைக்கிறாள்.

இப்போது விசாரணையைப் பாருங்கள். கணவனைக் கொன்ற மனைவியை ஏன் துரத்தவில்லை என்று ஒரெஸ்டெஸ் கேட்கிறான். அவன் அவளுக்கு ரத்த உறவு இல்லையே என்கிறார்கள் எரின்யெஸ். அப்படியானால் நான் மட்டும் தாய்க்கு ரத்த உறவா என்று கேட்கிறான் பிள்ளை! அதற்கு, ஒரெஸ்டெஸின் பக்கம் நிற்கும் தெய்வமான அப்பல்லோ எழுந்து ஒரு வாதம் வைக்கிறார். தாய் என்பவள் பெற்றவளே இல்லை, விதைத்த விதையை வைத்து வளர்க்கிறவள் மட்டும்தான், தகப்பன்தான் பெற்றவன். சாட்சி? இதோ நிற்கிறாளே அதீனா, தாய் வயிற்றில் வளராதவள். அதாவது நீதிபதியே எதிர்த்தரப்பின் சாட்சி. இதைவிடப் பட்டவர்த்தனமாக ஒரு வழக்கைச் சாய்க்க முடியாது. கடைசியில் அதீனா, என்னைப் பெற்ற தாய் என்று ஒருத்தி இல்லை, திருமணம் தவிர எல்லாவற்றிலும் நான் ஆணின் பக்கம் என்று சொல்லிவிட்டுத் தன் வாக்கை ஒரெஸ்டெஸுக்குப் போடுகிறாள். வாக்குகள் சரிசமம், அவன் விடுதலை.

எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. இந்த மூன்றாம் நாடகத்தில் இபிஜீனியாவின் பெயரே வருவதில்லை. முதல் நாடகத்தில் அவள் வாயை அடைத்து, ஆட்டுக்குட்டியைத் தூக்குவது போலப் பலிபீடத்துக்கு மேலே தூக்கிப் பிடித்த காட்சியைக் கோரஸ் அத்தனை விரிவாகச் சொல்கிறது, கிளைட்டம்னெஸ்ட்ரா தன் பக்கத்து நியாயமாக அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறாள். நீதிமன்றம் கூடும்போது அந்தக் கொலை பதிவிலேயே இல்லை. கொலைக்கான காரணத்தை ஆவணத்திலிருந்து எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது புருஷனைக் கொன்றவள் என்ற ஒரு வரிதான்.

பழைய வாசகர்

எல்லோரும் நன்றாக எழுதுகிறீர்கள். ஆனாலும் இன்றைய அளவுகோலை எடுத்துக்கொண்டு போய் 2500 ஆண்டுக்கு முந்தைய ஊரை அளக்கிறீர்களோ என்று தோன்றுகிறது. 'ஒரெஸ்டியா' பழிக்குப் பழி என்ற வழக்கத்துக்குப் பதிலாக நீதிமன்றம் வருவதைச் சொல்லும் படைப்பு. அதில் ஆண் பெண் கணக்கு மட்டும் பார்ப்பது அந்தப் படைப்புக்கு அநியாயம். துன்பம் ஆண்களுக்கும்தானே, ஈடிபஸை விடவா?

நெய்தல்நிலா

ஐயா, இது நம் அளவுகோல் இல்லை. அந்த ஊர்க்காரர்களே அன்றைக்கே இதைப் பற்றி வாதாடியிருக்கிறார்கள். கி.மு. 411இல் அரிஸ்டோஃபனீஸ் ஒரு முழு நகைச்சுவை நாடகமே எழுதினார்: ஏதென்ஸ் பெண்கள் தங்கள் விழாவில் கூடி, எங்களைப் பற்றி மேடையில் அவதூறு செய்கிறார் என்று யூரிப்பிடீஸைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறார்கள். கி.மு. 405இல் வந்த 'தவளைகள்' நாடகத்தில் செத்துப்போன ஈஸ்கிலஸும் யூரிப்பிடீஸும் பாதாள உலகத்தில் மோதுகிறார்கள், அங்கேயும் இதுதான் சண்டை. ஃபீட்ரா மாதிரிப் பெண்களை மேடையேற்றிக் கெடுத்தாய் என்கிறார் ஈஸ்கிலஸ். என் நாடகத்தில் பெண்ணும் பேசினாள், அடிமையும் பேசினான், எஜமானும் கன்னியும் கிழவியும் பேசினார்கள், அது ஜனநாயகம் என்கிறார் யூரிப்பிடீஸ். இந்த விவாதத்தை நாம் கண்டுபிடிக்கவில்லை.

ஆழிவாசகி

நான் மாணவி, இப்போதுதான் இவற்றைப் படித்துக்கொண்டிருக்கிறேன், அதனால் ஆன்டிகனியைப் பற்றி மட்டும். அரசர் கிரியோன் தடை போட்டும் இறந்த சகோதரனை அவள் அடக்கம் செய்கிறாள். எல்லோரும் அவளை அரசை எதிர்த்த வீராங்கனையாகக் காட்டுகிறார்கள், சரி. ஆனால் கிரியோனின் வாயைப் பாருங்கள். நான் உயிரோடு இருக்கும்வரை ஒரு பெண் என்னை ஆள முடியாது என்கிறார். மகன் ஹேமோனுக்கு நிச்சயித்த பெண் அல்லவா என்று ஆன்டிகனியின் சகோதரி இஸ்மீனி கெஞ்சும்போது, உழுவதற்கு அவனுக்கு வேறு நிலங்கள் இருக்கின்றன என்கிறார். தடையை மீறியது ஒரு குற்றம் என்றால் மீறியவள் பெண் என்பது அவருக்கு அதைவிடப் பெரிய குற்றம்.

அப்புறம் அந்தச் சர்ச்சைக்குரிய வரிகள். சாகப் போகும்போது அவள் சொல்கிறாள், கணவனுக்காகவோ பிள்ளைக்காகவோ இருந்தால் இதைச் செய்திருக்க மாட்டேன், கணவன் போனால் வேறு கணவன், பிள்ளை போனால் வேறு பிள்ளை கிடைக்கும், அம்மா அப்பா இருவரும் இறந்துவிட்ட பிறகு எனக்கு இன்னொரு சகோதரன் எங்கே பிறப்பான் என்று. இந்த வரிகள் சோபோகிளீஸுடையவை அல்ல என்று யாராவது நிரூபித்தால் தேவலை என்று ஜெர்மன் கவிஞர் கெதே ஆசைப்பட்டிருக்கிறார். ஆனால் அரிஸ்டாட்டிலே இதை மேற்கோள் காட்டுகிறார், அப்படியானால் மிகப் பழைய காலத்திலேயே நாடகத்தில் இருந்த வரிகள்தான். வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸின் நூலிலும் பாரசீகப் பெண் ஒருத்தி இதே நியாயத்தைச் சொல்லித் தன் சகோதரனின் உயிரைக் கேட்கிறாள்.

இந்த வரிகளை நீக்கிவிட ஏன் இவ்வளவு ஆசை? தெய்வ நியதி, எழுதப்படாத சட்டம் என்று பேசும் ஆன்டிகனி மட்டும் போதும் என்று நினைக்கிறார்களோ? கல்யாணமும் ஆகாமல், பிள்ளையும் பெறாமல் உயிரோடு கல்லறைக்குள் போகப் போகிற ஒரு சின்னப் பெண் தனக்கு யார் யார் இல்லாமல் போனார்கள் என்று எண்ணிப் பார்க்கிறாள். அந்த இடத்தில்தான் அவள் எனக்கு மிக நெருக்கமாக இருக்கிறாள், அதை எடுத்துவிட்டால் கொடி பிடிக்கிற ஒரு பொம்மைதான் மிஞ்சும்.

திரைச்சீலை

அருமையாகச் சொன்னாய் ஆழிவாசகி. இதோடு சேர்த்து ஒன்று. சோபோகிளீஸின் நாடகங்களில் வரும் மூன்று மனைவிகள், ஈடிபஸின் மனைவி ஜொகாஸ்டா, டையனீரா, கிரியோனின் மனைவி யூரிடிசி, மூவருமே சாவதற்கு முன் பேச்சில்லாமல் உள்ளே போய்விடுகிறார்கள். ஜொகாஸ்டா மட்டும் போகிற போக்கில் ஒரு கதறல் கதறி, இனிமேல் சொல்ல ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுப் போகிறாள். வெளியே நிற்பவர்கள் இந்த மௌனம் சரியில்லையே என்று பதறுகிறார்கள், பிறகு ஒருவர் வந்து சாவைச் சொல்கிறார். சாவு கதவுக்குப் பின்னால் நடக்கும், நமக்குச் செய்தி மட்டும் வரும். யூரிப்பிடீஸின் 'ஹெக்யூபா'வில் பலியாகும் டிராய் இளவரசி பொலிக்ஸீனா நெஞ்சைத் திறந்து காட்டி வெட்டுங்கள் என்கிறாள், ஆனால் விழும்போது ஆண்கள் கண்ணில் படக்கூடாததை மறைத்துக்கொண்டு விழுந்தாளாம். அதையும் ஓர் ஆண்தான் வந்து மெச்சிச் சொல்கிறான். சாகும் நொடியிலும் அடக்கம் எதிர்பார்க்கிறார்கள். அதை நடித்துக் காட்டுவது எப்படி என்று யோசித்தாலே எனக்கு மனசு கனத்துப்போகிறது.

வைகைக்கரையான்

சரி, நெய்தல்நிலா சொல்லும் பயம் என்ற ஒற்றைச் சாவி எல்லாப் பூட்டுக்கும் சேராது என்பதற்கு என் கடைசி ஆதாரம் 'டிராய் பெண்கள்'. கி.மு. 416இல் ஏதென்ஸ் படை மீலோஸ் தீவை முற்றுகையிட்டு, அது பணிந்ததும் வயதுவந்த ஆண்களைக் கொன்று பெண்களையும் குழந்தைகளையும் அடிமைகளாக விற்றது. கி.மு. 415 வசந்தகால விழாவில் யூரிப்பிடீஸ் இந்த நாடகத்தைப் போடுகிறார். போர் முடிந்துவிட்டது, ஆண்கள் செத்துவிட்டார்கள், பெண்களைச் சீட்டுப்போட்டுப் பங்கு பிரிக்கிறார்கள். நாடகம் முழுக்க இது ஒன்றுதான் நடக்கிறது.

அதில் டிராய் வீரன் ஹெக்டரின் மனைவி ஆண்ட்ரோமக்கி பேசும் பேச்சைப் படித்திருக்கிறீர்களா? நல்ல மனைவிக்கு என்னென்ன சொல்லியிருக்கிறார்களோ அத்தனையும் செய்தேன் என்கிறாள். வெளியே போனால் பேர் கெடும் என்று வீட்டிலேயே இருந்தேன், வம்பு பேசும் பெண்களை உள்ளே விடவில்லை, கணவன் முன் வாயடக்கம், அமைதியான பார்வை, எதில் நான் ஜெயிக்கலாம் எதில் விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். இந்த நல்ல பெயர் கிரேக்கப் பாசறைவரை போனது, அதுதான் என்னை அழித்தது. சிறைபிடித்ததும் அகிலீஸின் மகன், இவள் எனக்கு வேண்டும் என்று கேட்டு வாங்கிவிட்டான். ஹெக்டரைக் கொன்றவனின் மகன் அவன்! பெரிக்ளீஸ் விதவைகளுக்குச் சொன்ன அறிவுரையை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்தவளுக்குக் கிடைத்த பலன் இது. பேசி முடித்துக் கொஞ்ச நேரத்தில் கிரேக்கத் தூதுவன் தால்த்திபியஸ் வந்து, உன் குழந்தையை மதிலிலிருந்து தள்ளப்போகிறோம், சாபம் போடாதே, போட்டால் அடக்கம் செய்யக்கூட விடமாட்டார்கள் என்கிறான். அடக்கமும் அவளுக்குக் கொடுத்துவைக்கவில்லை, கப்பல் புறப்பட்டுவிடுகிறது, பாட்டி ஹெக்யூபாதான் பேரனை ஹெக்டரின் கேடயத்தில் வைத்து அடக்கம் செய்கிறாள்.

இங்கே பயப்பட என்ன இருக்கிறது? இந்தப் பெண்கள் யாரையும் கொல்லவில்லை.

சட்டப்புள்ளி

அந்த நாடகத்திலேயே ஒரு விசாரணையும் இருக்கிறது, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஹெலன் தன் தரப்பைச் சொல்கிறாள், ஹெக்யூபா ஒவ்வொன்றாக உடைக்கிறாள், கேட்டுக்கொண்டிருந்த ஹெலனின் கணவன் மெனலாஸ், ஹெக்யூபா சொல்வதுதான் சரி, ஊருக்குப் போய் இவளைக் கொல்வேன் என்கிறான். ஹோமரின் 'ஒடிசி' தெரிந்த எல்லோருக்கும் ஹெலன் ஸ்பார்ட்டாவில் சௌகரியமாக வாழ்ந்தது தெரியும். ஒரு பெண் வாதத்தில் முழுதாக ஜெயிக்கும் அபூர்வமான இடம் இது. தீர்ப்பு எழுதியாகிவிட்டது, நிறைவேறாது.

நெய்தல்நிலா

வைகைக்கரையான், ஆண்ட்ரோமக்கியை நான் மறக்கவில்லை, அவளைப் பற்றி யாராவது பேசுவார்களா என்றுதான் காத்திருந்தேன். பயம் என்ற என் வாதத்தை மெடியாவுக்கும் கிளைட்டம்னெஸ்ட்ராவுக்கும் நான் விடப்போவதில்லை. ஆனால் இந்த இழையில் மெல்ல மெல்லத் தெளிவாகிவருவது எனக்கு அதைவிட முக்கியம். மெடியாவின் பேச்சுக்கு ஜேசனிடம் பதில் இல்லை, இபிஜீனியாவுக்கு நீதிமன்றத்திடம் பதில் இல்லை, ஆண்ட்ரோமக்கிக்கு யாரிடமும் இல்லை. பேசியவளை அப்புறப்படுத்துகிறார்கள், பேச்சு அப்படியே நிற்கிறது. யூரிப்பிடீஸுக்கு இது தெரிந்தே இருந்தது என்று நினைக்கிறேன். மெடியாவில் கோரஸ் பாடுகிறதே, ஆறுகள் பின்னோக்கி ஓடுகின்றன, பழைய கவிகள் எங்களைத் துரோகிகள் என்று பாடியது இனி நிற்கும், அப்பல்லோ எங்களுக்கு யாழ் கொடுக்கவில்லை, கொடுத்திருந்தால் ஆண்களுக்கு எதிராகப் பதில் பாட்டுப் பாடியிருப்போம் என்று. யார் பாட்டுக் கட்டுகிறார்கள் என்பதுதான் சிக்கல் என்று ஓர் ஆண், ஆண்களை வைத்து, ஆண்களிடம் பாடுகிறார்.

அடுத்து 'மெலனிப்பி'யைப் பற்றிப் பேசலாமா? யூரிப்பிடீஸ் அவளை வைத்து எழுதிய இரண்டு நாடகங்களும் துண்டுகளாகத்தான் கிடைத்திருக்கின்றன. கடல் தெய்வம் பொசைடனுக்குப் பெற்ற இரட்டைக் குழந்தைகளை மெலனிப்பி மாட்டுக்கொட்டிலில் மறைத்து வைக்கிறாள். பசு ஈன்ற விகாரப் பிறவிகள் என்று நினைத்து அவள் தகப்பன் அவற்றை எரிக்கப் போகிறான். அப்போது அவள் இயற்கை எப்படி இயங்குகிறது என்று விளக்கி, இவை விகாரமில்லை என்று வாதாடுகிறாள். இந்தப் பேச்சைத்தான் அரிஸ்டாட்டில் 'கவிதையியல்' 15ஆம் பகுதியில் பாத்திரத்துக்குப் பொருந்தாத பேச்சுக்கு உதாரணமாகக் காட்டுகிறார், பெண் இவ்வளவு கெட்டிக்காரியாக இருப்பது தகாது என்கிறார். நான் பெண்தான், எனக்கு அறிவு உண்டு என்கிறாள் அவள். வானமும் பூமியும் முன்பு ஒரே உருவாக இருந்தன என்ற செய்தி என்னுடையது இல்லை, என் அம்மாவிடம் கேட்டது என்கிறாள். தாய் பெற்றவளே இல்லை என்று சொன்ன அப்பல்லோவுக்குப் பக்கத்தில் இதை வைத்துப் பாருங்கள். இன்னொரு துண்டில் பெண்களைப் பழிக்கும் ஆண்களின் பேச்சு வெறும் நாண் ஒலி என்றும், வீட்டைக் காப்பதும் டெல்ஃபியிலும் டொடோனாவிலும் தெய்வத்தின் சொல்லை எடுத்துச் சொல்வதும் பெண்கள்தானே என்றும் ஒரு முழு வாதம் வருகிறது. அந்தத் துண்டுகளைப் படித்தவர்கள் எழுதுங்கள், திரைச்சீலை, உங்களிடமிருந்து முதலில் எதிர்பார்க்கிறேன்.